பின் சீட்டுக் கண்ணாடி

தாம்பரத்தில் செங்கல்பட்டு ட்ரெயின் ஏறினால் வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டி மறைமலை நகர் வரும். ஃபோர்டு ஆலை அங்கேதான். வாடிக்கையாளருக்கு ஏற்ப ஒரு பழைய கம்பெனி மாறுவது என்றால் என்ன என்பதை, அந்த ஆலையை வைத்தே நாம் புரிந்துகொள்ளலாம்.

1990களின் நடுவில் ஃபோர்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்த கார் எஸ்கார்ட். மேலாண்மை வகுப்புகளில் அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். விலையைக் குறைக்க, பின் கதவுகளில் பட்டன் கண்ணாடியை எடுத்துவிட்டார்களாம். அன்றைக்கு அந்த மாதிரிக் காரை வாங்கியவர் எங்கே உட்கார்ந்திருப்பார்? பின்னால்தான். முன்னால் டிரைவர் பட்டனை அழுத்துகிறார். காருக்குப் பணம் கொடுத்தவர் கைப்பிடியைச் சுற்றுகிறார்.

நம்மில் பலருக்கும் உள்ள தவறான எண்ணம் இதுதான்: நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது என்றால் நாலு வசதியைக் கழித்து மலிவாகக் கொடுப்பது. சர்க்கரை இல்லாத காபி கேட்டவருக்கு அரை டம்ளர் காபி கொடுத்து, பாதிக் காசு போதும் என்றால் எப்படி? அவர் கேட்டது வேறு. வண்டியில் யார் எங்கே உட்காருகிறார், எந்தத் தெருவில் ஓட்டுகிறார் என்று போய்ப் பார்த்தால்தான் வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பது தெரியும்.

ஃபோர்டு அதைக் கற்றுக்கொண்டது. 1999இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஐகான், இந்தியாவுக்கென்றே வடிவமைத்த கார். ஃபியஸ்டாவின் பிளாட்ஃபார்மில், அதாவது அடிக்கட்டுமானத்தில் எழுப்பியது. மாவு ஒன்றுதான், இட்லிக்குப் பதில் ஊத்தப்பம் வார்த்தார்கள். 2013இல் ஈக்கோஸ்போர்ட். நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் இருந்தால் வரி குறைவு என்ற நம் நாட்டு விதியை ஒட்டி, நாலு மீட்டருக்குள் அடங்கிய வண்டி. ஆனால் தரையிலிருந்து நல்ல உயரம். முடிச்சூரில் மழைத்தண்ணீர் நிற்கும் தெருவை நினைத்துப் பாருங்கள், அந்த உயரம் எதற்கென்று புரியும்.

பிறகு 2016இல் பிரெஸ்ஸா, 2017இல் நெக்ஸான், 2019இல் வென்யூ என்று அதே அளவில் போட்டி வண்டிகள் வரிசையாக வந்தன. ஈக்கோஸ்போர்ட்டோ சில மெருகுகளோடு கடைசிவரை ஏறக்குறைய அதே வண்டி. கடைசியில் மறைமலை நகர் ஆலை மூடப்பட்டது. அதற்கு இது மட்டும் காரணமில்லை. குஜராத்தில் சானந்தில் இன்னொரு பெரிய ஆலையும் கட்டி, இரண்டையும் முழுதாக ஓட்ட முடியாமல் தவித்தார்கள். ஆனாலும் வாங்குகிறவர் நகர்ந்தபோது கூடவே நகராததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. அந்த ஷிப்டுகளை நம்பி அந்தப் பக்கம் வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2024 செப்டம்பரில், இதே ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது.