ஒப்பந்தத்தில் இல்லாத விண்கல்

எங்கோ ஒரு நாட்டில் ஏவுகணை கிளம்பினால் அடுத்த நிமிடமே அமெரிக்காவுக்குத் தெரிந்துவிடுகிறதாமே, அதைக் கண்டு சொல்வது பட்டாளத்துக்காரரா, சம்பளத்துக்கு வந்த கம்பெனி ஆளா என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்றுதான் எனக்கு வழக்கமாகக் கடிதம் வரும். அதை யார் வேலை செய்ய வைக்கிறார்கள் என்ற கேள்வி அபூர்வம். அந்த அபூர்வத்துக்காகவே இந்த வாரம் முழுவதையும் அவருக்குக் கொடுக்கிறேன்.

இரண்டு பேரும்தான். 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கிலுள்ள அல் அசாத் விமானதளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அவை கிளம்பிய சூட்டை விண்ணிலிருந்த செயற்கைக்கோள்கள் கண்டன. கொலராடோ மாநிலத்தின் பக்லி தளத்தில் ஷிஃப்டில் இருந்த இரண்டாவது விண்வெளி எச்சரிக்கைப் பிரிவினர் அதைச் சரிபார்த்து எச்சரிக்கை அனுப்பினார்கள். தளத்தில் இருந்தவர்கள் பதுங்குகுழிகளில் இறங்கினார்கள். வெடிப்பின் அதிர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு மூளைக் காயம் ஏற்பட்டது. அவர்களில் ஒருவரும் சாகவில்லை. வருவது ஏவுகணைதான் என்று அறிவிக்கும் பொறுப்பு சீருடைக்காரருடையது. ஆனால் அவர் பார்க்கும் திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருளைத் திருத்துவது, ஆன்டெனாவுக்கு உதிரிபாகம் தேடுவது, கோளில் ஏதாவது கோளாறென்றால் பழைய ஆவணங்களைப் புரட்டிக் காரணம் சொல்வது போன்ற வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

ராக்கெட் நெருப்பு சூடு, அகச்சிவப்புக் கருவிக்குச் சூடு தெரியும், அவ்வளவுதானே என்று தோன்றும். பூமியிலும் சூடு இருக்கிறதே? பாலைவனம், இரும்பாலை, காட்டுத்தீ, எரிமலை என்று 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கீழே எல்லாமே கனன்றுகொண்டுதான் இருக்கும். இங்கே பொறியாளர்கள் செய்த காரியம் எனக்கு எப்போதும் வியப்புத் தருவது. 2.7 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பை மட்டும் பார்க்கும்படி கருவியை அமைத்தார்கள். காற்றிலுள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இந்த அலைநீளத்தை விழுங்கிவிடும். தரையிலிருந்து கிளம்புவது மேலே வந்து சேராது. எனவே பூமி கறுப்பாகத் தெரியும். ராக்கெட் கக்கும் புகையோ பெரும்பாலும் அதே நீராவியும் அதே கார்பன் டை ஆக்சைடும்தான், கொதிக்கும் சூட்டில். எந்த அலைநீளத்தை அவை விழுங்குமோ அதிலேயே அவை பளீரென ஒளிரும். அடர்ந்த காற்றையும் மேகத்தையும் தாண்டி ராக்கெட் மேலே வந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வெண்புள்ளி.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மிக உயரமான மேகங்களுக்கு மேலே நீராவி அதிகம் கிடையாது. அந்த மேகங்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் விழுங்கப்படாமல் தப்பிவிடும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் நாட்டின் ஓகோ எச்சரிக்கைக் கோள்கள் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சொன்னது இப்படிப்பட்ட வெயிலைப் பார்த்துத்தான். பணியில் இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதை நம்ப மறுத்தார். அவரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது வேறு. எந்த மாதத்தில் எந்த நேரத்தில் எந்தக் கோணத்தில் வெயில் ஏமாற்றும் என்பதைக் கருவி தானாகக் கற்றுக்கொள்ளாது. ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்த ஆட்கள் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஆட்களை வளர்த்தது டிஎஸ்பி என்ற கோள் வரிசை. முதல் கோள் 1970 நவம்பரில் ஏவப்பட்டது. கடைசியான 23ஆவது, 2007 நவம்பரில். கோளைக் கட்டியது டிஆர்டபிள்யூ நிறுவனம், அதன் கண்ணைச் செய்தது ஏரோஜெட். நிமிடத்துக்கு ஆறு முறை கோளே சுழலும்; சற்றுச் சாய்ந்து நிற்கும் தொலைநோக்கி பத்து விநாடிக்கு ஒரு தடவை பூமியின் முகத்தைத் துழாவி முடிக்கும். முதல் கோள்களில் 2,000 காரீய சல்பைடு உணரிகள் இருந்தன, பிந்தியவற்றில் 6,000. முதல் கோள்களுக்குக் குறித்த ஆயுள் ஒன்றேகால் ஆண்டு. இந்த வரிசையின் கோள்கள் பல தமக்குக் குறித்த காலத்தைத் தாண்டி வெகுநாள் உழைத்தன. அந்த உபரி ஆண்டுகளைப் பராமரிப்புக்காரர்கள் சம்பாதித்தது என்றுதான் நான் சொல்வேன். கோள் மேலே போன பிறகு அதை ஒருவரும் தொட முடியாது. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது, கெட்டுப்போன பாகத்தை ஒதுக்கிவிட்டு மாற்றுப் பாகத்துக்குத் தாவுவது, மங்கிப்போன உணரிகளின் கணக்கைத் தரையில் திருத்துவது எல்லாம் கட்டளைகளால் செய்யும் மருத்துவம்.

சீருடைக்காரர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வந்துவிடும். ஒப்பந்தக்காரர்களோ அதே கோளுடன் இருபது ஆண்டுகள்கூட இருப்பார்கள். சில சமயம் கம்பெனியின் பெயர்ப்பலகை மாறும், நாற்காலி மாறாது. ஏரோஜெட்டின் அந்தப் பிரிவை 2001இலும் டிஆர்டபிள்யூவை 2002இலும் நார்த்ராப் குரூமன் வாங்கியது. டிஎஸ்பியின் இடத்துக்கு வந்த சிபிர்ஸ் கோள்களின் ஒப்பந்தம் 1996 முதல் லாக்ஹீட் மார்ட்டினிடம். இத்தனை கை மாறியும் அறிவு அறுந்துபோகாமல் இருந்ததற்கு ஆட்கள்தான் காரணம், பத்திரங்கள் அல்ல.

அந்த அறிவு ஒரு நுனியில் தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு 1999 ஏப்ரலில் ஏவிய 19ஆவது கோள் சாட்சி. அதை உயரே தள்ளிவிட வேண்டிய ராக்கெட்டின் இரண்டு அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவில்லை. இடையில் இருந்த மின்இணைப்பின் மீது வெப்பக்காப்பு டேப்பை வேண்டாத இடம்வரை சுற்றியிருந்தார்கள். பிளக் கழன்று வரவில்லை. கோள் பயனற்ற பாதையில் மாட்டிக்கொண்டது.

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்டுக்கு ஏ.எம்.சி. போட்டிருக்கிறோம். மோட்டார், கயிறு, பிரேக் எல்லாம் பத்திரத்தில் உண்டு. மின்சாரம் போய்ப் பாதியில் நின்றால் உள்ளே இருப்பவர் கூப்பிடுவதற்கான மணி பத்திரத்தில் இல்லை. மாதாமாதம் வருகிற மெக்கானிக் நல்ல பையன்; மணி அடிக்கவில்லை என்று அவனுக்கும் தெரியும், கிரீஸ் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. எழுதாத வேலைக்கு நேரமும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. இந்தக் கோள்களின் கதையில் என் மனம் அதிகம் தங்கும் இடமும் இதுதான்: அவை பார்த்தும், பார்ப்பது தம் வேலை இல்லை என்பதால் விட்டுவிட்டவை.

விண்வெளியிலிருந்து ஒரு சிறு பாறை காற்றில் நுழைந்து வெடித்தால் எழும் பளிச்சொளியை இந்தக் கோள்கள் காணும். அணுவெடிப்பைப் பிடிக்க அவற்றில் வைத்திருக்கும் ஒளி உணரிகளும் காணும். பெரும்பாலான விண்கற்கள் கடலுக்கு மேலோ ஆளில்லாத நிலத்துக்கு மேலோ வெடிப்பவை. மனிதக் கண்ணில் படாதவை. முழுப் பூமியையும் இரவுபகலாகப் பார்த்துக்கொண்டிருந்த கண் இது ஒன்றுதான். ஆனால் ஏவுகணை எச்சரிக்கைக்காரருக்கு விண்கல் ஒரு தொந்தரவு. ஏவுகணை இல்லை என்று உறுதியானதும் அவர் வேலை முடிந்தது. இப்படி எத்தனையோ பதிவுகள் நிரந்தரமாகப் போய்விட்டன. 1975 முதல் 1992 வரை பதிவாகி மிஞ்சிய 136 விண்கல் வெடிப்புகளின் விவரம் 1994இல்தான் அறிவியலாளர்கள் படிக்கும்படி வெளிவந்தது. பத்திரத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்த எண் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அதே 1994இல் பிப்ரவரி 1 அன்று மேற்குப் பசிபிக்கில் ஒரு பெரிய விண்கல் வெடித்தது. கோஸ்ரே தீவுப் பக்கம் மீனவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். அவர்களையும் இந்தக் கோள்களையும் தவிர வேறு சாட்சி இல்லாத வெடிப்பு.

நமக்கு நெருங்கிய ஒன்று உண்டு. 2002 ஜூன் 6 அன்று கிரீஸுக்கும் லிபியாவுக்கும் இடையே, மத்தியதரைக்கடலுக்கு மேலே ஒரு விண்கல் ஹிரோஷிமா குண்டுக்கு ஒப்பான ஆற்றலுடன் வெடித்தது. அமெரிக்கக் கோள்கள் அதைப் பார்த்து, இது அணுகுண்டு அல்ல என்று தெரிந்துகொண்டன. அந்த மாதங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளைக் குவித்து நின்றிருந்தன. அமெரிக்க விமானப்படைத் தளபதிகளில் ஒருவரான சைமன் வோர்டன் அந்த ஆண்டே நாடாளுமன்றக் குழு முன் ஒரு கவலையைச் சொன்னார்: அந்தக் கல் சில மணி நேரம் முன்னதாக வந்து இதே அட்சக்கோட்டில் நம் துணைக்கண்டத்தின் மேல் வெடித்திருந்தால், அது கல்லா குண்டா என்று பிரித்தறியும் கருவி இரு நாடுகளிடமும் இல்லை, ஒருவரை ஒருவர் தாக்கியிருக்கக்கூடும். பூமி சுழலும் கணக்கில் சில மணி நேரம். அப்படி நடந்திருந்தால் ஆறுதல் தந்திருக்கக்கூடியது ‘இது கல்தான்’ என்ற செய்தி; அதைச் சொல்வது யாருக்கும் கடமையாக எழுதப்படவில்லை.

இவ்வளவு நடந்தும் 2009இல் இந்த விண்கல் விவரங்கள் அறிவியலாளர்களுக்குக் கிடைப்பது நின்றது. 2013 தொடக்கத்தில் நாசாவும் விமானப்படையும் செய்துகொண்ட உடன்பாட்டால் மறுபடி திறந்தது. சில வாரங்களில், பிப்ரவரி 15 அன்று, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் விண்கல் வெடித்து ஆயிரக்கணக்கான ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. விநாடிக்கு 18.6 கிலோமீட்டர் வேகம், 23.3 கிலோமீட்டர் உயரத்தில் உச்ச ஒளி, சுமார் 440 கிலோ டன் ஆற்றல் என்று நாசா வெளியிட்டது இந்த ராணுவ உணரிகளின் கணக்கை. சில வாரம் முன்னதாக வந்திருந்தால் அந்த எண்கள் ஒரு அலமாரிக்குள் பூட்டியே கிடந்திருக்கும்.

எழுதாத வேலை இருக்கட்டும், எழுதிய வேலையின் கதியும் பெரிதாக இல்லை. வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நடத்துவதில் காட்டாதது ராணுவங்களுக்கும் அரசாங்கங்களுக்கும் பழகிப்போன குணம். சிபிர்ஸ் வரிசையின் முதல் புவிநிலைக் கோள் 2011 மே மாதம் மேலே போனது. அதில் பழையபடி துழாவும் கண் ஒன்றும், ஒரே இடத்தை வெறித்துப் பார்க்கும் கண் ஒன்றுமாக இரண்டு. இரண்டாவதுதான் புதுமை. ஆனால் அது காண்பதை முழுதாகப் பயன்படுத்தும் தரைநிலைய மென்பொருள் தயாராகவில்லை. டிஎஸ்பியையும் சிபிர்ஸையும் ஒரே கூரையின் கீழ் ஓட்டும் புதிய தரை அமைப்பு பக்லியில் ஏற்கப்பட்டது 2016 இறுதியில். ஐந்தரை ஆண்டுகள்! கோளை ஏவும்போது கைதட்ட மந்திரிகளும் காமிராக்களும் வருவார்கள். மென்பொருளில் ஒரு பிழை திருத்தப்பட்ட நாளுக்கு விழா எடுத்தவர் உண்டா? விழா இல்லாத இடத்துக்குப் பணமும் தாமதமாகத்தான் வருகிறது. பராமரிப்பு ஒப்பந்தங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. அடுத்த முறை யார் கைக்குப் போகும் என்று தெரியாத நிலையில், இளம் பொறியாளர் ஒருவர் இருபது ஆண்டுப் பழைய கோளின் குணங்களைப் படித்துக்கொண்டு உட்காருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

நல்ல பக்கமும் இருக்கிறது. கொலராடோவின் போல்டர் நகரத்தில் 2016இல் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். சிபிர்ஸ் தரவை வெளி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் எடுத்து, வேறு எதற்கெல்லாம் உதவும் என்று பார்க்கலாம். காட்டுத்தீதான் முதலில் நினைவுக்கு வரும் பயன். எச்சரிக்கைக்காரர் ஒதுக்கித்தள்ளப் பழகிய அதே தீ. 2019இல் ஃபயர்கார்ட் என்ற பெயரில் கலிஃபோர்னியா, கொலராடோ தேசியக் காவல் படையினர் ராணுவக் கோள்களின் தரவைக் கொண்டு தீ பரவும் எல்லையை வரைந்து தீயணைப்பவர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். புகை மூடிய மலையில் விமானம் பறக்க முடியாத நேரத்தில் இந்த வரைபடம் எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த காலம் 2021 செப்டம்பருடன் முடிவதாக இருந்தது, மேற்கு அமெரிக்காவில் காடுகள் எரிந்துகொண்டிருந்த பருவத்தில். கலிஃபோர்னியாவின் செனட்டர்கள் பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு அது நீட்டிக்கப்பட்டது.