20 ஆயிரத்துக்கு லென்ஸ், 12 அடிக்கு ஹால்: முதல் பிரைம் லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

சித்திரை கடைசியில பெரியகுளம் போயிருந்தேன். தென்கரையில அக்கா வீடு. செருப்பைக் கழட்டுறதுக்குள்ள அக்கா மகன் போனை நீட்டிட்டான்.

"மாமா, இதப் பாருங்க. 50 எம்.எம்., எஃப் 1.8. இருபதாயிரத்துச் சொச்சம்தான். நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. போட்டுரவா?"

தேனியில ஒரு தனியார் கம்பெனியில வேலை பாக்குறான். கைக்கு வர்றது 26,000. பைக் லோனுக்கு 3,400 போயிடும். போன வருஷ போனஸ்ல சோனி இசட்வி-இ10 கேமரா வாங்கினான், கூடவே வர்ற 16-50 கிட் லென்ஸோட. இது வரைக்கும் தப்பே இல்ல.

ஆனா அந்த வீட்டுக் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி. அத்தான் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர். வருமானம் வருஷத்துக்கு ஒரு தடவைதான். பூ நின்னா வீடே சிரிக்கும். பூ கொட்டுச்சுன்னா அடுத்த சீசன் வரைக்கும் இவன் சம்பளத்துலதான் அடுப்பு எரியணும். இந்த வருஷம் பாதிப் பூ கொட்டிருச்சு. இவன் சேமிப்புக் கணக்குல இருந்த 61,000 ரூபாய்தான் அந்த வீட்டோட மொத்த அவசர நிதி.

"வேணாம்"னு நான் சொல்லல. ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்குறதைக் குத்தமா பேசுற ஆள் இல்ல நான். "மருமகனே, வாங்கு. ஆனா 50 எதுக்கு?"ன்னு மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் அதைத்தான மாமா சொல்றாங்க?"

இங்கதான் பல பேரோட முதல் இருபதாயிரம் போகுது.

பிரைம் லென்ஸ் என்ன தருது?

பிரைம்னா ஸூம் கிடையாது, ஒரே குவியத் தூரம். அதுக்குப் பதிலா வெளிச்சம் தரும். கிட் லென்ஸை 50ல வெச்சா அதோட அகலமான திறப்பு எஃப் 5.6. ஒரு எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள விடும். மண்டபத்துல ஐஎஸ்ஓ 6400 வெச்சு புள்ளி புள்ளியா வந்த படம், அதே ஷட்டர் வேகத்துல ஐஎஸ்ஓ 640லயே வந்துடும். காசு கொடுக்கிறது முக்கியமா இதுக்குத்தான். பின்னாடி மங்கலா தெரியறது போனஸ்.

அப்போ 50ல என்ன பிரச்சினை? பழைய ஃபிலிம் கேமராவுக்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் 50 ஒரு இயல்பான பார்வை. நம்மள மாதிரி ஆளுங்க வாங்குற மிரர்லெஸ் கேமராக்கள்ல பெரும்பாலும் இருக்கிறது அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார். அதுல 50ஐ மாட்டினா 75 மாதிரி பார்க்கும், கேனான்ல 80 மாதிரி. அதாவது கிட்டத்துல இருக்கிற ஆளை இன்னும் கிட்டத்துல இழுக்கும்.

அக்கா வீட்டு ஹாலை டேப் வெச்சு அளந்தோம். நீளம் 12 அடி. நிக்கிற ஒரு ஆளைத் தலையில இருந்து கால் வரைக்கும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கணும்னா, கேமராவை நிமிர்த்திப் பிடிச்சாலும் 50க்கு 14 அடி தள்ளி நிக்கணும். இவன் சுவத்தைத் தாண்டி வாசல்ல நிக்கணும்! அதே படத்துக்கு 30 எம்.எம். லென்ஸ்னா எட்டரை அடி போதும். குடும்பமா 10 அடி அகலத்துக்கு உக்காந்திருந்தா 50க்கு 21 அடி, 30க்கு 13 அடிக்குள்ள. நம்ம ஊரு வீடு, காதுகுத்து மண்டபம், வளைகாப்பு நடக்கிற ஹால் எல்லாத்துலயும் இந்த வித்தியாசம்தான் லென்ஸ் கையில இருக்குமா பையில இருக்குமான்னு முடிவு பண்ணும்.

50 மோசம்னு சொல்லல. தோட்டத்துல, தெருவுல, ஒத்தை ஆளோட முகம் எடுக்க அருமையா இருக்கும். யாருக்கு எதுன்னு தெரியணும், அவ்வளவுதான்.

காசில்லாத டெஸ்ட்

நீங்க ஏற்கெனவே எடுத்த படங்களே பதில் சொல்லும். எந்தப் படத்தோட விவரத்தைத் திறந்தாலும் எத்தனை எம்.எம்.ல எடுத்ததுன்னு பதிவாகியிருக்கும். இவனை உக்கார வெச்சு மூணு மாசப் படங்களை எண்ணச் சொன்னேன். முனகிட்டே எண்ணினான். மொத்தம் 412. அதுல 25க்கும் 35க்கும் நடுவுல 203. அதுக்குக் கீழ 120. அதுக்கு மேல வெறும் 89, அதுலயும் பாதி கும்பக்கரையில எடுத்த குரங்கு.

அடுத்து, கிட் லென்ஸை 30ல வெச்சு ரெண்டு வாரம் ஸூமைத் தொடாம எடுக்கச் சொன்னேன். பத்து நாள்ல அவனே போன் பண்ணி "30தான் மாமா"ன்னான்.

சோனிக்கு அந்த இடத்துல சிக்மா 30 எம்.எம். எஃப் 1.4 இருக்கு. 2016லயே வந்த லென்ஸ். நிக்கானுக்கு 2023ல வந்துச்சு, கேனான் ஆர்எஃப் மவுன்டுக்கு 2024லதான் சிக்மா லென்ஸ் தர ஆரம்பிச்சாங்க. நிக்கான் இசட்30, இசட்50 வெச்சிருக்கீங்கன்னா அவங்களோட 24 எம்.எம். எஃப் 1.7ஐயும் பாருங்க. ஃபியூஜிஃபிலிம்ல எக்ஸ்சி 35 எம்.எம். எஃப் 2. கேனான்ல மலிவானது ஆர்எஃப் 50 எஃப் 1.8தான், ஆனா ஆர்50 மாதிரி பாடியில அதே 14 அடிக் கதைதான், இன்னும் கொஞ்சம் கூடவே. சீனக் கம்பெனிகளோட மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் இதையெல்லாம்விட ரொம்பக் குறைஞ்ச விலைக்கு வரும். பொருளைப் படம் எடுக்கலாம், ஓடுற குழந்தையை எடுக்க முடியாது.

ரெண்டு குறையையும் சொல்லிடறேன். இசட்வி-இ10 பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இல்ல, சிக்மா 30லயும் இல்ல. கையில பிடிச்சு நடந்துட்டே வீடியோ எடுத்தா ஆடும். வீடியோதான் முக்கியம்னா சோனியோட 35 எஃப் 1.8 ஓஎஸ்எஸ்ஸைப் பாருங்க. இன்னொண்ணு, எஃப் 1.4ல ஒரு மீட்டர் தூரத்துல ஃபோகஸ் நிக்கிறது ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். பக்கத்துல நிக்கிறவர் அரை அடி பின்னாடி இருந்தா மங்கிடுவார். குரூப் போட்டோவுக்கு எஃப் 4க்குப் போய்த்தான் ஆகணும், அங்க நீங்க கொடுத்த காசுல பாதி வேலை செய்யாது.

நோ காஸ்ட்ல எவ்வளவு காஸ்ட்?

நான் விசாரிச்சப்ப சிக்மா 30 புதுசு 27,000ஐ ஒட்டி இருந்துச்சு. 12 மாசம், மாசம் 2,250. வட்டி இல்லைன்னு போட்டிருப்பாங்க. ஆனா ஜீரோ வட்டித் திட்டம் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிடுச்சு. அதனால நடக்கிறது என்னன்னா, வட்டிக்குச் சமமான தொகையை முதல்லயே தள்ளுபடியா காட்டிட்டு, பேங்க் வழக்கம்போல வட்டி போடும். வருஷம் 15% வட்டின்னு வெச்சா, அந்த 27,000க்குள்ள வட்டி மட்டும் சுமார் 2,070. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, 370 ரூபாய் சொச்சம். ப்ராசசிங் ஃபீஸ் 199ன்னா அதுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 600 ரூபாய் கூட.

600 பெரிய காசு இல்லதான். நான் தடுத்தது அதுக்காக இல்ல. 26,000 சம்பளத்துல பைக் 3,400, லென்ஸ் 2,250ன்னு 12 மாசத்துக்குக் கட்டிப் போட்டுட்டு, மாம்பழம் கை கொடுக்காத வருஷத்துல ஒரு மாசம் கார்டு பில் தவறினா? மாசம் மூணரை சதவீதமும் அதுக்கு மேலயும் போடுவாங்க. வருஷத்துக்கு 42ஐத் தாண்டும். கந்துவட்டிக்காரர் வெட்கப்படுவார்.

வைகாசியில சித்தப்பா வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து இருந்துச்சு. லென்ஸ் வேணும்ங்கிற அவசரமே அதுக்குத்தான். மதுரையில ரெண்டு நாளைக்கு 1,000 ரூபாய்க்கு அதே 30ஐ வாடகைக்கு எடுத்துட்டு வந்தான். கோயில் மண்டபத்துல ஒரே ஒரு டியூப் லைட். தாய்மாமன் மடியில குழந்தை, ஆசாரி ஊசியை வெச்ச அந்த ஒரு நொடி, குழந்தை வாயைத் திறந்து அழறதுக்கு முந்தின முகம். ஃபிளாஷ் இல்லாம வந்திருந்துச்சு. சித்தப்பா படத்தைப் பாத்துட்டு 2,500ஐ கையில திணிச்சார்.

அதுக்கப்புறம் மாசம் 4,000 தனியா ஒரு ஆர்டி மாதிரி ஒதுக்கினான். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, 16,000 ஆச்சு. 61,000ஐத் தொடல. புரட்டாசியில மதுரையில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட் 18,500க்குக் கிடைச்சுது, பில்லோட.

பழசு வாங்குறவங்க ஒரு விஷயத்தை விடாதீங்க. போன் டார்ச்சை ஒரு பக்கத்துல அடிச்சு மறுபக்கம் வழியா பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சை, எவ்வளவு விலை குறைச்சாலும் வேணாம். எங்க ஊர் மலையடிவாரம், மழைக்காலத்துல பீரோவுல இருக்கிற வேட்டியே பூசணம் பிடிக்கும். அதனால வாங்கின அன்னைக்கே ஒரு காத்துப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்க வெச்சேன். 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அப்புறம் ஃபோகஸ் மோட்டார் இழுக்குதா, சத்தம் போடுதா, திறப்பு இதழ்கள் ஒட்டாம மூடுதான்னு உங்க கேமராவிலயே மாட்டிப் பாருங்க, அவரோட கேமராவுல இல்ல.

நேத்து ராத்திரி மெசேஜ் வந்திருக்கு. "மாமா, 56 எம்.எம். எப்படி இருக்கும்?" எத்தனை படம் 50க்கு மேல எடுத்திருக்கேன்னு எண்ணி அனுப்பச் சொல்லியிருக்கேன்.