ஒட்டோ கியர் வேன்: இறக்கத்தில் கவனம்!



நம்ம பிள்ளைகள் பலர் மஹய்யாவ பக்கமிருந்து கொழும்புக்கு வேன் ஓட்டுகிறார்கள். ஒட்டோ கியர் வேனில் கிளச் மிதி கிடையாது. கியரை மாற்றுவது ஒரு சின்னக் கம்பியூட்டர்தான். ஓடும் வேகத்தையும், எக்ஸலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதையும் சென்சர்கள் அதற்குச் சொல்லும். அது மின்சார வால்வுகளைத் திறந்து மூடும். ஒயில் அழுத்தத்தால் உள்ளேயுள்ள கிளச்சுகள் பிடித்து விட, கியர் மாறும்.

ஆனால் முன்னால் கடுகண்ணாவ இறக்கம் இருப்பது அதற்குத் தெரியாது. 'டி'யிலேயே விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறங்குமுன் லிவரை '2' அல்லது 'எல்'லில் போடுங்கள். எஞ்சினே வேகத்தை அடக்கும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

வீட்டில் சாரதி இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள்.