ஹாப் கொடியில் உயர்ந்த ரகம் எது?

நெசவாளரும் குடியானவரும் படிக்கும் இவ்விதழில், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப் கொடியைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வியக்கலாம். மதுவின் நன்மை தீமை இங்கு ஆராய்ச்சிக்குரியதன்று. ஒரே பயிரின் பல ரகங்களை எவ்வாறு ஒப்பிட்டு விலை மதிப்பது என்பதற்கு இக்கொடி நல்லதோர் உதாரணம்.

ஹாப் குளிர்நாட்டுப் பயிர். நாகமலை அடிவாரத்தில் இது விளையாது. கோடையிலும் நமது பகற்பொழுது 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. கொடி உறங்கி எழுவதற்கு வேண்டிய கடுங்குளிரும் இங்கில்லை. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், இதனைப் பயிரிட்டிருக்கிறார்கள்.

பெண்கொடியின் பூங்கதிர்களே விற்பனைச் சரக்கு. அவற்றின் இதழடியில் லுபுலின் என்னும் மஞ்சள் பொடி இருக்கிறது. அதிலுள்ள ஆல்ஃபா அமிலம் கசப்பையும், எண்ணெய் மணத்தையும் தருகின்றன. நெடுநேரம் கொதித்தால்தான் கசப்பு இறங்கும். மணமோ கொதிக்கக் கொதிக்க ஆவியாகிவிடும். ஆகவே கசப்பு ரகத்தை முதலிலும், மண ரகத்தைக் கடைசியிலும் இடுவது வழக்கம்.

செக் நாட்டு சாஸ் ரகத்தில் ஆல்ஃபா அமிலம் சுமார் 3 முதல் 4 சதவீதம்; அமெரிக்காவின் காஸ்கேடில் பெரும்பாலும் 5 முதல் 7; ஜெர்மனியின் மாக்னத்தில் 12 முதல் 14. கசப்பு மட்டுமே வேண்டுவோருக்கு, 4 சதவீதச் சரக்கு 300 கிலோ செய்யும் வேலையை 12 சதவீதச் சரக்கு 100 கிலோவே செய்துவிடும். அப்படியானால் சாஸ் தாழ்ந்ததா? அன்று. அதன் மென்மையான மணத்தை மாக்னம் தராது.

வாங்குவோர் இக்கணக்கைப் பரிசோதனைச் சாலையில் போட்டுப் பார்த்துத்தான் வருகிறார்கள். விளைவிப்போர் எடையையும் நிறத்தையும் மட்டும் காட்டி நின்றால், பேரத்தில் அவர்களுக்கு வாயில்லை. வெப்பத்திலும் காற்றிலும் கிடந்த சரக்கில் அமிலம் குறைந்துவிடும். எடை அதைக் காட்டாது.

நமது பருத்தியின் கதையும் இதுவே. கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணியும், 1974-இல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட மிக நீண்ட இழைச் சுவினும் ஒரே தராசில் நிற்கக் கூடியவையல்ல. மெல்லிய உயர் நம்பர் நூலுக்குச் சுவின் வேண்டும். முரட்டுத் துணிக்கு அது வீண் செலவு.

எனவே, ரகங்களைக் கலந்து குவிக்காதீர்கள். மாதிரி எடுத்து இழை நீளம், நுண்மை, வலிமை ஆகியவற்றைச் சோதித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். தனி ஒருவருக்குச் சோதனைச் செலவு பாரமாகலாம். சங்கமாகச் சேர்ந்தோருக்கு அது பெரிதன்று. எது உயர்ந்த ரகம் என்று கேட்குமுன், எந்த வேலைக்கு என்று கேட்பதே அறிவுடைமை.