இரு கை தட்டினால்தான் ஓசை

“டீச்சர், யூரியா போட்டால் மகசூல் கூடுமா, கூடாதா?”

செம்பட்டிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். அவள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்து, தாத்தாவின் நிலம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதியாகப் போயிருக்கிறது. இருவர் நிலமும் செம்மண்தான். இருவரும் ஒரே விதையை வாங்கி மக்காச்சோளம் போட்டார்கள். சித்தப்பா யூரியா போட்டார். கதிர் நன்றாகப் பிடித்தது. அதைப் பார்த்து அடுத்த போகத்தில் அப்பாவும் கடன் வாங்கி யூரியா போட்டார். காசு போனதுதான் மிச்சம். “தம்பி எதையோ மறைக்கிறான்” என்கிறார் அப்பா. “அண்ணன் போட வேண்டிய நேரத்தில் போடவில்லை” என்கிறார் சித்தப்பா. இரு வீட்டாருக்கும் இப்போது பேச்சுவார்த்தையே குறைந்துவிட்டதாம்.

நான் கணிதம் நடத்துகிறவள். “கூடும் அம்மா, பயிருக்குத் தழைச்சத்து வேண்டாமா?” என்று சட்டென்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் அடுப்பில் பால் வைத்து இறக்கியபோதுதான் என் பதில் தவறு என்று புரிந்தது. சரியாகச் சொன்னால், அந்தக் கேள்விக்கு ‘கூடும்’, ‘கூடாது’ என்ற இரண்டில் எதுவுமே பதிலாகாது.

மாணவியரே, தயிருக்கு உறை ஊற்றுவதை நீங்கள் அறிவீர்கள். உறைமோர் ஊற்றினால் பால் தயிராகுமா? குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாலில் ஊற்றி, மீண்டும் அங்கேயே வைத்தால் ஆகாது. சரி, இளஞ்சூட்டில் வைத்தால் பால் தயிராகுமா? உறைமோர் இல்லாமல் வைத்தால் கெட்டுத்தான் போகும். உறையும் இளஞ்சூடும் சேர்ந்தால்தான் காலையில் கட்டித் தயிர். ஆகவே, ‘உறைமோரின் பயன் என்ன?’ என்று தனியாகக் கேட்டால் பதில் இல்லை. ‘எந்தச் சூட்டில்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

புள்ளியியலில் உறைமோர், சூடு போன்றவற்றைக் ‘காரணிகள்’ என்பார்கள். ஒரு காரணியின் பயன், மற்றொரு காரணி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுமானால், அவ்விரண்டுக்கும் ‘இடைவினை’ உண்டு என்பார்கள். இரு கை தட்டினால்தான் ஓசை என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே. வலக்கை மட்டும் வீசினால் ஓசை இல்லை. இடக்கை மட்டும் வீசினாலும் இல்லை. இல்லையும் இல்லையும் சேர்ந்து ஓசை பிறக்கிறது! சாதாரணக் கூட்டல் கணக்குக்கு இது கட்டுப்படாது.

வயலில் இப்படி நடப்பதைக் காணத் தொலைதூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில், இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக விளங்கும் இடத்தில், 1909-ஆம் ஆண்டு ஒரு நிரந்தர உரப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். சைதாப்பேட்டையிலிருந்த விவசாயக் கல்லூரி அங்கு இடம் மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மண்ணோ நம் பக்கத்து மண்ணைப் போன்ற செம்மண். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்னும் மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் இடலாம் அல்லது இடாமல் விடலாம். எத்தனை வகைச் சேர்க்கைகள் வரும்? பிளஸ் டூ மாணவியர் விரலை மடக்காமலே சொல்லிவிடுவார்கள். எதுவும் இடாதது 1, ஒன்று மட்டும் இட்டவை 3, இரண்டு இட்டவை 3, மூன்றும் இட்டது 1, ஆக 8. அந்த எட்டுச் சேர்க்கைகளுக்கும் தனித்தனிப் பாத்தி ஒதுக்கினார்கள். தொழு உரத்துக்கும் வேறு பாத்திகள் உண்டு.

அந்தப் பாத்திகள் சொன்ன சேதி என்ன? அந்த மண்ணில் பெருங்குறை மணிச்சத்துத்தான். மணிச்சத்து இல்லாத பாத்தியில் தழைச்சத்தைக் கொட்டினாலும் பயிர் அதிகம் அசைந்து கொடுக்கவில்லை. மணிச்சத்தும் கூட இருந்த பாத்தியில்தான் தழைச்சத்து தன் வேலையைக் காட்டியது.

இதை எப்படிக் கணக்கிடுவது? புரிவதற்காக நானே சில எண்களைக் கற்பனை செய்துகொள்கிறேன். இவை எந்தப் பண்ணையின் கணக்கும் அல்ல. ஏக்கருக்கு, எதுவும் இடாவிட்டால் 6 மூட்டை. தழைச்சத்து மட்டும் இட்டால் 7. மணிச்சத்து மட்டும் இட்டால் 9. இரண்டும் இட்டால் 16.

தழைச்சத்தின் பயன் எவ்வளவு? மணிச்சத்து இல்லாத இடத்தில் 7 கழித்தல் 6, அதாவது 1 மூட்டை. மணிச்சத்து உள்ள இடத்தில் 16 கழித்தல் 9, அதாவது 7 மூட்டை. இந்த 7-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசமான 6 மூட்டைதான் இடைவினையின் அளவு. வித்தியாசங்களின் வித்தியாசம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது சைபராக இருந்தால் இடைவினை இல்லை. இரு காரணிகளும் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்கின்றன என்று பொருள்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1-ஐயும் 7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, “தழைச்சத்தின் சராசரிப் பயன் 4 மூட்டை” என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 4 மூட்டை யாருடைய வயலில் விளைந்தது? ஒருவர் வயலிலும் இல்லை! மணிச்சத்து இல்லாதவர் 4 மூட்டையை நம்பிக் கடன் வாங்கி 1 மூட்டை காண்பார். மணிச்சத்து உள்ளவரோ, 4 மூட்டைதானே என்று அலட்சியமாக இருந்து 7 மூட்டையை இழப்பார். ஆகவே இடைவினை பெரிதாக இருக்கும்போது சராசரியை மட்டும் சொல்வது அரைப் பொய் என்பது என் கருத்து. நான்கு எண்களையும் அப்படியே எடுத்துச் சொல்லுவதே நேர்மை.

இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று’ என்று நாமே அறிவியல் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? 6 மூட்டையிலிருந்து தொடங்கித் தழைச்சத்தை மட்டும் சேர்க்கிறோம். 1 மூட்டை கூடுகிறது. ‘பயனில்லை’ என்று விட்டுவிடுகிறோம். பிறகு மணிச்சத்தை மட்டும் சேர்க்கிறோம். 3 மூட்டை கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால் 10 வரும் என்று மதிப்பிட்டு அத்துடன் நின்றுவிடுவோம். 16 மூட்டை விளையும் பாத்தியை நாம் பார்க்கவே மாட்டோம். இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் 1926-இல் இந்தப் பழக்கத்தைக் கண்டித்து எழுதினார். பல காரணிகளை ஒரே பரிசோதனையில் எல்லாச் சேர்க்கைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நம் கோயம்புத்தூர் எட்டுப் பாத்திகள் அதற்கு முன்பே அப்படி அமைந்திருந்தன என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை!

எல்லாவற்றிலும் இடைவினை இருந்தே தீரும் என்று எண்ண வேண்டாம். ஃபிஷருக்குத் துணையாக வந்த ஃபிராங்க் யேட்ஸ் 1935-இல் வெளியிட்ட ஓட்ஸ் பரிசோதனை ஒன்று புகழ் பெற்றது. மூன்று ரகங்கள், நான்கு அளவில் தழைச்சத்து, எல்லாம் ஆறு முறை. ஆக 72 பாத்திகள். தழைச்சத்து கூடக்கூட மூன்று ரகங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்தன. வரைபடத் தாளில் போட்டால் மூன்று கோடுகளும் ரயில் தண்டவாளம்போல் இணையாகச் செல்லும். இத்தகைய இடத்தில் சராசரியைத் தாராளமாகச் சொல்லலாம்.

கோடுகள் இணையாக இல்லாமல் விரிந்து போனால் இடைவினை. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் அதைவிட எச்சரிக்கை தேவை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. அங்கு நடந்த பரிசோதனையில், தழைச்சத்து இடாதபோது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5 டன் தந்த அது, 120 கிலோ இட்டபோது 10 டன்னை நெருங்கியது. நெட்டை ரகங்களின் கதை வேறு. அதிகத் தழைச்சத்துக்கு அவை உயர்ந்து வளர்ந்து, கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும், மகசூல் குறையும். ‘உரம் போட்டால் நெல் சாய்ந்து போகும்’ என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொன்னது மூடநம்பிக்கை அல்ல. அவர்கள் கண்ட ரகத்துக்கு அது முழு உண்மை. ரகம் மாறியதும் பயனும் தலைகீழானது.

இங்கே இரு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். இடைவினை என்றால் இரு உரங்களும் மண்ணில் கலந்து வேதிமாற்றம் அடைவது என்று சிலர் எண்ணுவார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒன்றின் பயன் மற்றொன்றைப் பொறுத்து மாறினால் போதும். அடுத்து, தழைச்சத்து அதிகம் போடுகிற விவசாயியே மணிச்சத்தும் அதிகம் போடுவார் என்பது வெறும் உடனிகழ்வு; அதுவும் இடைவினை ஆகாது. அந்த உடனிகழ்வை உடைப்பதற்காகத்தான் பரிசோதனையில் நான்கு சேர்க்கைகளுக்கும் சமமாக இடம் தருகிறோம்.

கோயம்புத்தூர்ப் பாத்திகளைப் புகழ்ந்தேன். அவற்றின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரே ஒரு பாத்திதான். அந்தப் பாத்தியின் அடியில் இயல்பாகவே நல்ல மண் இருந்துவிட்டால், அது உரத்தின் புகழாகிவிடும். ஆண்டுதோறும் பயிர் செய்தாலும் பாத்தி மாறாததால், நூறு ஆண்டானாலும் அந்தக் குறை பாத்தியோடுதான். அதனால்தான் ஃபிஷர், ஒரே சேர்க்கையைப் பல பாத்திகளில் வைக்க வேண்டும், எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்றார். ஒரே உரம் இட்ட பாத்திகளுக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறதோ, அதை அளவுகோலாக வைத்துத்தான் நாம் கண்டது உண்மையா, தற்செயலா என்று தீர்மானிக்க முடியும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வித்தியாசங்களின் வித்தியாசத்தை நான்கு எண்களிலிருந்து கணக்கிடுகிறோம். நான்கிலும் தற்செயல் தடுமாற்றம் இருப்பதால், சராசரிப் பயனில் இருப்பதைப்போல் இரு மடங்கு தடுமாற்றம் அதில் சேர்கிறது. அதே துல்லியத்தில் வேண்டுமானால் நான்கு மடங்கு பாத்திகள் தேவை. எனவே சிறிய பரிசோதனை ஒன்றில் ‘இடைவினை தெரியவில்லை’ என்று வந்தால், ‘இடைவினை இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

அந்தச் சகோதரர்களிடம் வருவோம். மறுநாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். தாத்தா காலத்தில் பல ஆண்டுகள் ஆட்டுக்கிடை போட்டது, இப்போது சித்தப்பா பங்கில் விழுந்திருக்கும் கிணற்றடிப் பாதியில்தானாம். ஆட்டெரு மணிச்சத்தும் தரும். ஆகவே சித்தப்பா நிலத்தில் இன்னொரு கை ஏற்கெனவே இருந்திருக்கலாம். அப்பா ஒரு கையைக் காற்றில் வீசியிருக்கலாம். அப்படியானால் இருவரும் உண்மையையே சொல்லியிருக்கிறார்கள். அப்பாவைக் குறை சொல்வதற்கும் இல்லை. 1992-இல் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டது. மலிவாகக் கிடைப்பதைத்தானே கடன்காரர் வாங்குவார்?

‘இருக்கலாம்’ என்றுதான் சொல்லுகிறேன். கிணற்றடிக்குத் தண்ணீர் வசதியும் கூட. ஆட்டெருவில் மணிச்சத்து மட்டுமா இருக்கிறது? இரண்டு வயல்களை வைத்துக்கொண்டு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் இரு பங்கிலும் மண் எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னேன். பிறகு அப்பா நிலத்தின் ஒரு மூலையில் சம அளவில் பன்னிரண்டு சிறு பாத்திகள் பிடித்து, நான்கு சேர்க்கைகளையும் மும்மூன்று பாத்திகளில் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். பன்னிரண்டு போதுமா என்றால், இவ்வளவு பெரிய இடைவினையாக இருந்தால் தெரியும். சிறிதாக இருந்தால் தெரியாது.

அவள் நோட்டில் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சீட்டுக் குலுக்குவதற்குச் சித்தப்பாவையும் கூப்பிடப் போகிறாளாம்.