மடிக்கணினிக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?



சித்திரை மாதத்துப் பிற்பகல். உங்கள் வீடு ஆம்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா காலணித் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார். அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியைத் திறந்து, பாடக் குறிப்பு எழுத உட்காருகிறீர்கள். இன்னும் ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை. அதற்குள் உள்ளிருக்கும் விசிறி 'விர்'ரென்று இரைகிறது. அம்புக்குறி நகர மறுக்கிறது. "அது அவ்வளவுதான், பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம்" என்கிறார் அம்மா. சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்!

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயக்க முறையும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்ட லினக்ஸ்தான் அதன் உள்ளீடு. லினக்சில் ஒரு வசதி உண்டு: உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்பதை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். டெர்மினல் ஜன்னலைத் திறந்து டி, ஓ, பி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டி 'என்டர்' கொடுங்கள். 'டாப்' என்ற பட்டியல் வரும். மிக அதிகமாக வேலை வாங்கும் நிரல் முதல் வரிசையில் நிற்கும்.

அதில் 'சி.பி.யு. 100' என்று இருந்தால் என்ன பொருள்? பிராசஸர் தன் முழுப் பலத்தையும் காட்டுகிறது என்றா? இல்லை. அது நேரத்தின் கணக்கு. காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் அது ஓடிக்கொண்டிருக்கும், அல்லது சும்மா நிற்கும். பத்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் 50 சதவீதம்; நிற்காமல் ஓடினால் 100. 'டாப்' இந்தக் கணக்கைப் பொதுவாக 3 நொடிக்கு ஒரு முறை எடுக்கிறது. பிராசஸருக்குள் நான்கு கருக்கள் இருந்தால் நான்கு இயந்திரங்கள். அப்போது ஒரே நிரலுக்கு நேராக 400 என்றுகூட வரலாம். திடுக்கிட வேண்டாம்.

இப்போது ஒரு சிறு சோதனை செய்வோமா? இன்னொரு டெர்மினலில் 'யெஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'ஒய்' என்ற எழுத்து மழையாகக் கொட்டும். 'டாப்' பட்டியலைப் பாருங்கள். கத்துவது யெஸ், ஆனால் அந்த எழுத்துகளைத் திரையில் வரைய வேண்டிய டெர்மினல் நிரலும் அதற்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ திணறுவதைக் காணலாம். வரைவது அவ்வளவு செலவான வேலை! 'கன்ட்ரோல்', 'சி' இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மழை நின்றுவிடும்.

படம் வரைவதற்கென்றே கணிப்பொறியில் தனிச் சில்லு உண்டு. அதை இயக்கும் டிரைவர் நிரல் சரியாக அமையாவிட்டால், ஜன்னலை நகர்த்துவது முதல் நிழல் போடுவது வரை எல்லாம் பிராசஸர் தலையில் விழும். பட்டியலில் 'க்னோம் ஷெல்' எப்போதும் மேலே நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'டிராக்கர்' என்ற பெயர் நின்றால் கவலை குறைவு. நீங்கள் புதிதாக ஏற்றிய படங்களுக்கும் பாடங்களுக்கும் அது அட்டவணை போடுகிறது, முடிந்ததும் அடங்கிவிடும். மறுநாளும் அடங்காவிட்டால் ஏதோ ஒரு பழுதான கோப்பில் சிக்கிக்கொண்டிருக்கலாம்.

'கே-ஸ்வாப்-டி' என்று வந்தால் குற்றவாளி வேறு. நினைவகம் போதவில்லை. மேசையில் இடமில்லாமல் தோல்களைக் கிடங்குக்கும் மேசைக்குமாகத் தூக்கிக்கொண்டே இருந்தால் தைப்பது எப்போது? 2 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணிப்பொறியில் பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் இதுதான் நடக்கும். எட்டு பக்கங்களை மூடிப் பாருங்கள்.

பட்டியலில் யாருமே அதிகம் உழைக்கவில்லை, ஆனாலும் எல்லாம் மந்தம் என்றால்? வேலூர்ப் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல; கோடையில் 40 டிகிரி செல்சியசைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஒரே வேலையை விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் செய்து, பிடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் நிரல்களைத் திட்டிப் பயனில்லை. மடிக்கணினியை மெத்தையிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். பக்கவாட்டுத் துளைகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கணிப்பொறியை அணைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் துடைக்கலாம்.

சிக்கிக்கொண்ட நிரலை நிறுத்தத்தான் வேண்டுமென்றால், 'டாப்' ஓடும்போது 'கே' எழுத்தை அழுத்தி அந்த நிரலின் எண்ணைக் கொடுங்கள். பிறகு அது இன்னோர் எண் கேட்கும். 15 என்பது "தயவுசெய்து நிறுத்திக்கொள்" என்ற வேண்டுகோள். 9 என்பது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. எழுதியதைச் சேமித்துக்கொள்ள நிரலுக்கு நேரமே கிடைக்காது. அக்காவின் கல்லூரிக் கட்டுரை திறந்திருக்கும்போது அவரைக் கேட்காமல் 9-ஐத் தட்டிவிடாதீர்கள்!