தமிழ் வலைப்பதிவுப் பணியில் செயலிகளும் இணையச் சேவைகளும்: உரைத்தூய்மை நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் வலைப்பதிவு எழுதும் ஆய்வாளர் தட்டச்சுச் செயலி, எழுத்துணரி, குறியாக்க மாற்றி, பிழைதிருத்தி, வெளியீட்டுத் தளம் எனப் பல கருவிகளை அடுத்தடுத்துக் கையாள்கிறார். விரைவையும் எளிமையையும் கொண்டே இவை பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. கருவியிலிருந்து வெளிவரும் உரை எந்நிலையில் உள்ளது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைத்து, அதற்குரிய எளிய சோதனை முறையொன்றை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, யூனிகோடு, குறியாக்க மாற்றம், எழுத்துணரி, தமிழ்99.

முன்னுரை

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ தங்கி ஆய்வு மேற்கொள்பவருக்கு மூலங்களுக்குக் குறைவில்லை. பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன. ஒரு பேருந்துப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய தொலைவுதான். அங்குத் திரட்டிய குறிப்பு வலைப்பதிவாக வெளிவருவதற்குள் கடக்கும் வழியே நீளமானது. அவ்வழியில் உரை குறைந்தது நான்கு கருவிகளின் கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் புகுவதற்கு இடமுண்டு. பிழை கண்ணுக்குத் தெரிந்தால் திருத்திவிடலாம். தெரியாத பிழையோ, பல ஆண்டுகள் கழித்துத் தேடும்போது பதிவையே காணாமற் செய்துவிடுகிறது.

குறியாக்கப் பின்புலம்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் ஆகிய எழுத்துருக் குறியாக்கங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. அதே காலத்தில் இணையத் தமிழர் பலர் திஸ்கி என்னும் குறியாக்கத்தைப் பயன்படுத்தினர். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி எழுத்துரு பரவியிருந்தது. தமிழக அலுவலகங்களில் வானவில் எழுத்துரு வழங்கியது. 2003ஐ ஒட்டித் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றியபோது அவற்றை எழுதியோர் யூனிகோடின் பக்கம் சாய்ந்தனர். 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி பல்வேறு பதிவுகளை ஓரிடத்தில் காட்டியது. பொதுவான குறியாக்கம் இன்றி அத்தகைய திரட்டல் இயலாது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். கல்விப்புலமும் அரசும் தயங்கி நின்ற ஒன்றை வலைப்பதிவர்கள் முன்னரே நடைமுறையாக்கினர் என்பது தமிழ்க் கணிமை வரலாற்றில் போதிய அளவு பதிவுபெறவில்லை.

ஆயினும் 2010க்கு முந்தைய ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பழைய எழுத்துருக் கோப்புகளாகவே பலரிடம் தங்கிவிட்டன. அவற்றைப் பதிவேற்ற முனையும்போது மாற்றிகளை நாடவேண்டியுள்ளது.

தட்டச்சும் மாற்றியும்

தமிழ்99 விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே அடிப்படை. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைகின்றன. ககர விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்து தானே புள்ளி பெறும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம் ஆகிய எதைத் தேர்ந்தாலும் இந்த அமைப்பு கிடைக்கும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துவழித் தட்டச்சு செய்வோர் ந, ன, ண வேறுபாட்டை ஒவ்வொரு சொல்லிலும் நினைவில் வைக்கவேண்டியிருக்கிறது. குரல்வழித் தட்டச்சு களக்குறிப்புக்கு உதவும். சென்னைப் பேச்சில் ழகரமும் ளகரமும் மயங்குவதால் செவ்வையாக்கம் இன்றி அதனை வெளியிட இயலாது.

குறியாக்க மாற்றிகளின் சிக்கல் இதனினும் ஆழமானது. திஸ்கி போன்ற குறியாக்கங்கள் எழுத்துகளைக் காட்சி வரிசையில் சேமித்தன. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னும் வரும். யூனிகோடில் ககரம் முதலில் வரும், கொம்பு பின்னே தொடரும். மாற்றி இவ்வரிசையைத் திருப்பியமைக்கவேண்டும். பாமினியில் வேறொரு தடை உண்டு. அது ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியிடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. ஆகவே கட்டுரையின் நடுவே வரும் ஆங்கில நூற்பெயரையும் மாற்றி தமிழென்றே கருதிப் பொருளற்ற எழுத்துக்கோவையாக்கிவிடும். அடிக்குறிப்பு மிகுந்த ஆய்வுக்கட்டுரைகளில் இது பெருஞ்சேதம். ஆங்கிலப் பகுதிகளைத் தனியே பிரித்து வைத்து, தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுவதே பாதுகாப்பானது. அலுப்பான வேலைதான், குறுக்குவழி இல்லை.

எழுத்துணரி

அச்சுநூற் பக்கங்களின் படங்களை உரையாக்குவதில் கூகுளின் எழுத்துணரி பெரிதும் பயன்படுகிறது. தமிழ் விக்கிமூலத் தன்னார்வலர்களும் நாட்டுடைமை நூல்களுக்கு அதனைப் பயன்படுத்தியுள்ளனர். கட்டற்ற மென்பொருளான டெசராக்டும் தமிழை அறியும். எனினும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை மேல்வளைவுடனும் ணா, றா, னா ஆகியவை கீழ்ச்சுழியுடனும் அச்சாகியுள்ளன. எழுத்துணரி தடுமாறும் இடங்கள் இவை. தமிழ் எண்கள் இன்னொரு பொறி: ௧ ககரத்தையும், ௨ உகரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும் ஒத்திருப்பதால், பாட்டெண் எழுத்தாகவும் எழுத்து எண்ணாகவும் மாறிவிடுகின்றன. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இக்கட்டத்தில் துணைபுரியும். பழைய உரைநடையையோ செய்யுளையோ இவற்றின் பரிந்துரைப்படி திருத்துதல் கூடாது. அங்குப் பிழையெனச் சுட்டப்படுவது மூலபாடமாகவே இருக்கக்கூடும்.

ஒரு தோற்றம், பல குறியீடுகள்

கடற்கரைச் சாலையில் ஒரே சிலையாக நிற்கும் ஔவையார் இணையத்தில் இருவராக உலவுகிறார். ஒருவர் ‘ஔ’ என்னும் தனிக்குறியீட்டில் தொடங்குபவர். மற்றவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதப்பட்ட ‘ஒளவையார்’. தட்டச்சுப் பொறிக் காலப் பழக்கத்தின் எச்சமாகிய இரண்டாவது வடிவம் மின்னூல்களிலும் பதிவுகளிலும் மிகுதி. கணினிக்கு இவை தொடர்பற்ற இரு சொற்கள். பதிவின் குறிச்சொற் பட்டியலில் இரண்டும் தனித்தனியே நிற்கும். அகரவரிசையிலும் வேறு வேறு இடத்தில் அமையும். சொல்லடைவில் எண்ணிக்கை பிளவுபடும். ‘மௌனம்’ போன்ற சொற்களுக்கும் இதே நிலை.

மயிலாப்பூர்க் கோயில்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்கவியலாத ‘ஸ்ரீ’ இன்னும் நுட்பமானது. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்க்கப்படுமுன் ஸ்ரீ என்பது ஸகரத்தைக் கொண்டே குறிக்கப்பட்டது. பின்னர் ஶகரத்தைக் கொண்டு குறிப்பது நெறியாயிற்று. திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாது. ‘கொ’ என்பதற்கும் இரு வழிகள் உண்டு: கொம்பும் காலும் இணைந்த ஒரே குறியீடு, அல்லது கொம்பு, கால் எனத் தனித்தனி இரு குறியீடுகள். இவ்விரண்டையும் இணையானவை என்று யூனிகோடு நெறி கூறுகிறது. இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் எல்லாச் செயலிகளும் அதனைச் செய்வதில்லை. ஒகர ளகரச் சேர்க்கையையோ ஸ்ரீயின் இரு வடிவங்களையோ இயல்பாக்கமும் இணைக்காது. ‘லக்ஷ்மி’ போன்ற சொற்களில் க்ஷ கூட்டெழுத்தாகாமல் பிரிந்து நிற்கவேண்டிச் சிலர் இடும் வெற்றுக்குறி ஒன்று உண்டு. அதுவும் கண்ணுக்குப் புலப்படாமல் தேடலைக் கெடுக்கும்.

ஆகவே எந்தப் புதிய கருவியையும் பணியில் சேர்க்குமுன் சோதனைப் பத்தி ஒன்றை அதன்வழிச் செலுத்திப் பார்த்தல் நன்று. ஔவையார், மௌனம், ஸ்ரீ, லக்ஷ்மி, கொடை, கோயில் ஆகிய சொற்களும், தமிழ் எண் சிலவும், ஓர் ஆங்கில நூற்பெயரும், ஓர் அடிக்குறிப்பும் அப்பத்தியில் இருந்தால் போதும். வெளிவரும் உரையைச் சோதிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. பெரும்பாலான உரைத்தொகுப்பிகளில் பின்னழிப்பு விசை ஒருமுறைக்கு ஒரு குறியீட்டையே நீக்கும். ‘கொ’வின் பின் ஒருமுறை அழுத்தியதும் ககரம் மட்டும் எஞ்சினால் குறியீடு ஒன்று, ‘கெ’ எஞ்சினால் இரண்டு. ‘ஔ’ முழுவதும் மறைந்தால் சரி. ஒகரம் எஞ்சினால் பின்னே இருந்தது வேறொரு குறியீடு. ஸ்ரீயின் பின் இருமுறை அழுத்தினால் எஞ்சுவது ஸ் அல்லது ஶ் என்பது வெளிப்படும். எவ்வடிவைக் கொள்வது என்பதை ஆய்வாளர் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, எல்லாப் பதிவுகளிலும் ஒரே சீராகப் பின்பற்றவேண்டும்.

வெளியீட்டுத் தளமும் முகவரியும்

யூனிகோடு தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் கொள்ளும். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் 3 எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்பதில் உள்ள 5 குறியீடுகள் முகவரியில் 45 எழுத்துகளாகின்றன. வேர்ட்பிரஸ் தன் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துகளையே ஒதுக்குவதால் தமிழ்த் தலைப்பு 22 குறியீடுகளளவில் துண்டிக்கப்படுகிறது. பிளாகரோ தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டுப் பொதுப்பெயரும் எண்ணுமாக முகவரி அமைத்துவந்துள்ளது. ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டப்படவேண்டிய பதிவுக்கு இரண்டும் பொருந்தா. வெளியிடுமுன் முகவரியைச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் தாமே அமைத்துக்கொள்ள இரு தளங்களும் இடமளிக்கின்றன; ஒருமுறை வெளியிட்டபின் மாற்றினால் முன்னைய மேற்கோள்கள் முறியும்.

சேவைகளின் ஆயுள்

ஜியோசிட்டீஸ் தளம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அதில் இடம்பெற்றிருந்த பக்கங்களும் உடன் நீங்கின. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் நின்றது. ஓடைவழிப் பதிவுகளைத் தொடர்ந்த வாசகர் பலர் அதன்பின் சமூக ஊடகங்களுக்கு நகர்ந்தனர். இலவசச் சேவையைப் பணிநெறியின் நடுவில் வைப்போர் அதன் நுழைவாயிலைவிட வெளியேறும் வாயிலையே முதலில் ஆராயவேண்டும். பிளாகரும் வேர்ட்பிரஸும் பதிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்கின்றன. அக்கோப்பில் உரை முழுமையாக இருக்கும். படங்களுக்கு முகவரி மட்டுமே இருக்கும். கல்வெட்டுப் படியோ பழைய அட்டைப்படமோ பதிவின் சான்றாக அமையும்போது இவ்விடைவெளி சிறியதன்று. எனவே படங்களைத் தனி அடைவில் தேதியுடன் சேமித்தலும், வெளியிட்ட அன்றே பதிவின் பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பதிந்துவைத்தலும், எளிய உரைக்கோப்பாக ஒரு படியைத் தம் கணினியில் வைத்திருத்தலும் பணிநெறியின் பகுதிகளாக வேண்டும். ஏற்றுமதிக் கோப்பை வேறொரு தளத்தில் வெற்றுப் பதிவொன்றில் ஏற்றி, மேற்சொன்ன சோதனைப் பத்தி அங்கும் பிழையின்றித் தோன்றுகிறதா, தேடலில் அகப்படுகிறதா என்று பார்த்தபின்பே அத்தளத்தில் தொடர்ந்து எழுதத் தொடங்குதல் தகும்.